முறுக்குச் சட்டிக்கு மேலே ஒரு பிரேக்

எங்கள் ஊரிலிருந்து துபாய்க்குப் போகிறவனை நாலு பேர் வந்து வழியனுப்புவார்கள். பாம்பேக்குப் போகிறவனிடம் நாலு பேர் பார்சல் கொடுத்து அனுப்புவார்கள். நான் போன மாதம் பாம்பேயில் இறங்கியபோது என் பையில் எனக்குச் சொந்தமானவை மூன்று சட்டைகள் மட்டும்தான். மிச்சமெல்லாம் பிறத்தியாருடைய கருவாடு, கருப்பட்டி, ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை. சட்டைகளும் பாம்பே வந்து சேர்வதற்குள் கருவாட்டுக்குச் சொந்தமாகிவிட்டன.

என்னை வரவழைத்தது என் தங்கை செல்வி. தாராவியில் அவளும் அவள் வீட்டுக்காரர் தங்கராஜும் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார்கள். ஒரு நாள் காலையில் போன் செய்து அழுதாள்.

"அண்ணே, மகி மலை உச்சியில இருந்து சைக்கிள்ல கீழ வரப் போறாளாம். அதுல பிரேக்கு வேற பிடிக்கலயாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. தாய்மாமன் நீ வந்து வேண்டாம்னு சொல்லு, கேப்பா."

மகி அவர்களுடைய ஒரே மகள். வயது இருபத்து நாலு. செம்பூரில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கணக்கு வாத்தியாரும் நானும் இருவருக்கும் நல்லது என்று பார்த்துப் பிரிந்துகொண்டோம். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை என்பதால் அந்தத் துறையில் மட்டும் நன்றாக முன்னேறினேன். பாத்திரக்கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் பிரேக் இல்லாத சைக்கிள் என்று சொன்னால் என்ன ஆகும்? ரயில் ஏறினேன்.

முதல் நாள் லோக்கல் ரயில் எனக்கு வரவேற்பு கொடுத்தது. நான் இறங்கவேண்டிய ஸ்டேஷனில் நான் இறங்கவில்லை. அதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே என்னை இறக்கிவிட்டார்கள். வாசலில் பையை அணைத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தது என் தப்புதான். பின்னாலிருந்து ஒருவர் இந்தியில் சொன்னது இந்த மட்டுக்குப் புரிந்தது: "பெரியவரே, இறங்குறதுன்னா இறங்குங்க, யோசிக்கிறதுன்னா வீட்ல உக்காந்து யோசிங்க." அடுத்த நொடியில் நான் பிளாட்பாரத்தில் இருந்தேன். கருவாட்டுப் பை எனக்கு முன்பே அங்கே இருந்தது.

செல்வியின் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. கீழே முறுக்குச் சட்டி, மேலே மனிதர்கள். இரண்டுக்கும் நடுவில் தளத்தில் ஒரு சதுர ஓட்டை, அதில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. எங்கள் ஊரில் தென்னை ஏறுகிறவர்கள்கூடக் காலுக்குக் கயிறு கட்டிக்கொள்வார்கள். இங்கே செல்வி ஒரு கையில் காப்பி டம்ளரோடு ஏறி வருகிறாள்.

அந்த ஓட்டைக்கு நேர் மேலே, கூரைக் கொக்கியில், தலைகீழாகத் தொங்கியது அந்த சைக்கிள். முன்சக்கரம் ஓட்டையின் வாயில், பின்சக்கரம் மேலே. கீழே நிறுத்தினால் முறுக்குத் தட்டு வைக்க இடமில்லை, மேலே நிறுத்தினால் படுக்க இடமில்லை என்று தங்கராஜ் ஒரு கப்பி வைத்துக் கட்டியிருந்தார். எந்த நேரமும் என் தலையில் விழலாம் என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

"பதிமூணு கிலோ மச்சான்," என்றார் தங்கராஜ், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

மகி வேலை முடிந்து வந்தாள். நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னைத் தடுக்கத்தான வந்திருக்கீங்க மாமா? அம்மா போன்ல அழுதது மேல வரைக்கும் கேட்டுச்சு. இந்த வீட்ல ரகசியம் வெக்க எடம் ஏது?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"அரே மாமா, டென்ஷன் ஆகாதீங்க. ஒரு வருஷமா பிராக்டீஸ் பண்றேன். ஞாயித்துக்கெழம ரேஸ். முன் பிரேக் மட்டும்தான் பிராப்ளம். சனிக்கெழமைக்குள்ள சரியாகலன்னா நானே போக மாட்டேன். பஸ்?"

பஸ் என்றால் இங்கே போதும் என்று அர்த்தமாம். எனக்குப் போதவில்லை.

ரேஸ் என்றால் இதுதான்: மலை உச்சியிலிருந்து கல்லும் மண்ணுமான பாதையில் யார் முதலில் கீழே வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. மலை ஏறுகிறவர்களுக்குக் கோப்பை கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இறங்குவதற்குமா? எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் பாறைகளே அதைச் செய்கின்றன. யாரும் கோப்பை கொடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை, கிளினிக்குக்குப் போகுமுன், மகி மேலறையில் பழைய பேப்பரை விரித்து சைக்கிளுக்கு வைத்தியம் பார்த்தாள். எங்கள் காலத்து சைக்கிளில் பிரேக் என்றால் இரண்டு ரப்பர் கட்டை. அது பிடிக்காவிட்டால் கால் செருப்பு. இதில் கைப்பிடியில் ஒரு லீவர். அதை அழுத்தினால் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் போய் இரண்டு சின்ன வில்லைகளைத் தள்ளுகிறது. அவை சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புத் தட்டைக் கவ்வுகின்றன. வில்லைக்கு பேட் என்று பெயர், தட்டுக்கு டிஸ்க். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் எண்ணெய் தள்ளாது, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், நாம் நேராகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவோம்.

"தலைகீழா தொங்கவிடுறோம்ல, அதான் உள்ள காத்து போயிருக்கு," என்றாள் மகி.

பேட் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். லீவர் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தைத் திருகினாள். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த புது சிரிஞ்சில் ரோஜா நிற எண்ணெயை எடுத்து, கீழே சக்கரத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி அழுத்தினாள். கிண்ணத்தில் குமிழ் வந்தது. ஒன்று. யோசித்து இன்னொன்று.

"பாத்தீங்களா? ஹவா! காத்து!"

இரண்டு குமிழுக்கா ஒரு மனுஷனை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரவழைத்தார்கள் என்று நினைத்தேன். அந்த வேலை எனக்குப் பயமாகவும் இருந்தது. பல் டாக்டருக்கு ஊசி எடுத்துக் கொடுத்துப் பழகிய பெண் என்பதால் அவள் நிதானமாகச் செய்தாள். நான் டார்ச் மட்டும்தான் பிடித்திருந்தேன், அதையும் இரண்டு கையாலும்.

வெளியே வந்த பழைய எண்ணெயை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து வைத்திருந்தாள். அடுப்புச் சூட்டில் வேர்த்து வழிந்து ஏணியில் தலையை நீட்டிய தங்கராஜ், "ரோஸ்மில்க்கா?" என்று டம்ளரைத் தூக்கிவிட்டார். உதட்டில் வைத்து உறிஞ்சுகிற ஜாதியாக இருந்திருந்தால் கதை வேறு. அண்ணாந்து குடிக்கிறவர் என்பதால் டம்ளர் உயரத்தில் இருக்கும்போதே மகி பாய்ந்து பிடித்துவிட்டாள்.

"எப்பா! அது பிரேக் ஆயில்!"

"சொல்லி வெக்கக் கூடாதாட்டி?" என்றவர், டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத் தொழில்முறையில் ஒரு யோசனை சொன்னார். "இதுக்கு எதுக்குத் தனி எண்ணெய்? கீழ நம்ம பாமாயில் டின்னு டின்னா கெடக்கு."

 மகி டம்ளரை ஏழு தடவை கழுவினாள்.

சாயங்காலம் சந்துமுனையில் ஓட்டிப் பார்த்தாள். லீவர் கல் மாதிரி இறுகியிருந்தது. பிடித்தால் சைக்கிள் ஓர் அலறல் அலறியது, ஆனால் நிற்கவில்லை. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் தன் ஹாரனைச் சந்தேகமாகப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். சொல்லு, இப்பச் சொல்லு, என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் வானத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மகி லீவு போட்டு என்னை மாட்டுங்காவுக்கு அழைத்துப் போனாள். அங்கே இருக்கும் கணேசன் சார்தான் அவர்கள் சைக்கிள் குழுவுக்குத் தலைவர். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். ஓய்வு பெற்றவர்கள் கோவிலுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இவர் சைக்கிளில் மலையிலிருந்து இறங்குகிறார். அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கோ ஸார், உக்காருங்கோ. காப்பி ஆத்தட்டுமா? லீவர் எப்படி இருக்கு மகி? கெட்டியா? கெட்டியா இருந்தாலும் ஏர்தான், காத்து. நூத்துக்கு நூறு ஏர். ஒரு மூலையில ஒளிஞ்சிண்டிருக்கும். நான் பாக்காத பிரேக்கா?"

"போன வாரம் ஒண்ணு, நேத்து ஒண்ணு, ரெண்டு தடவ எடுத்தாச்சு சார்."

"மூணாந்தரம் எடு. பேட் மாத்தினியோ?"

"போன வாரம்தான் சார் மாத்தினேன். ரெண்டே நாள், திரும்பவும் இப்படி."

"அப்போ கம்பெனி சரியில்லே. இந்தா, இது நன்னா இருக்கும், பிரிக்காத பாக்கெட்." பிறகு என் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "ஸார், ஒண்ணு மாத்திரம் சொல்றேன். டிஸ்க்கைக் கையால தொடப்படாது. நம்ம வெரல்ல இருக்கிற பிசுக்கே போறும். தொட்டேள், தீர்ந்தது."

கர்ப்பகிருகத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு பொருளைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் எனக்கு வேறு வினை வேண்டாம். அன்று முழுக்க என் விரல்கள் துறுதுறுத்தன.

மதியம் அங்கேயே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. வரிசையில் நிற்கவைத்துப் பெயர் எழுதி, பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஆஜர் சொன்னேன். ரசத்தில் ஒரு வடையை மூழ்கடித்துக் கொண்டுவந்தார்கள், அருமை. சாம்பாரில் வெல்லம் இருந்தது. பரிமாறுகிறவரிடம் கேட்டேன். "அது ருசிக்கு," என்றார். பின்னே மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்க நினைத்து, அடுத்த ஆள் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததால் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகி சைக்கிளை இறக்காமல், தொங்குகிறபடியே விட்டு, மூன்றாம் தடவைக்கு சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் ஏணி ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்சக்கரத்தின் டிஸ்க் என் மூக்குக்கு நேரே பளபளவென்று இருந்தது. கணேசன் சார் விரலை ஆட்டினது ஞாபகம் வந்தது. தொட்டேன்.

"மாமா! தொடாதீங்க!"

அதற்குள் விரல் வழுக்கிவிட்டது. எனக்கு அந்த வழுக்கல் தெரியும். படிப்பு எட்டாம் வகுப்பு என்றாலும் பாத்திரக்கடையில் முப்பது வருஷம் இருந்திருக்கிறேன். புதுச் சரக்கு வந்தால் மேலே மெஷின் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். அதைத் துடைக்காமல் வாடிக்கைக்காரர் கையில் கொடுத்தால் குடம் அவர் காலில் விழும்.

விரலை மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் இல்லை. ஓமம் மணந்தது.

குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். நேர் கீழே சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாகத் தீபாவளி ஆர்டர், காலை நாலு மணிக்குப் பற்றவைத்தால் அடுப்பு அணைவதே இல்லை. ஓம முறுக்கின் ஆவி தெம்பாக மேலே வந்து, முன்சக்கரத்தைத் தடவிவிட்டு, எங்கள் எல்லோர் மூக்கிலும் புகுந்துகொண்டிருந்தது. எட்டிப் பின்சக்கரத்து டிஸ்க்கையும் தொட்டேன். அது காய்ந்து கிடந்தது.

"மகி, பின் பிரேக்கு நல்லாப் பிடிக்குதா?"

"பிடிக்குதே. ஏன்?"

என் விரலை அவள் மூக்கருகில் நீட்டினேன். அவள் மோந்து பார்த்தாள். கீழே பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குழாய்க்குள் எண்ணெய் போதவில்லை என்று இத்தனை நாள் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொல்லை வெளியே இருந்த எண்ணெய். புது பேட் போட்டாலும் இரண்டே நாளில் அது முறுக்கு மாதிரி ஊறிவிடும்.

கணேசன் சாரின் படிப்பும், மகி போனில் பார்த்த அத்தனை வீடியோவும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. காரணம் அவர்கள் முட்டாள்கள் என்பதில்லை. எந்த வீடியோக்காரன் வீட்டிலும் சைக்கிளுக்குக் கீழே முறுக்கு சுடுவதில்லை. சுடுகிற வீட்டிலோ எண்ணெய் யார் கண்ணிலும் படுவதில்லை. சுவரில் எண்ணெய், சாமி படத்தில் எண்ணெய், நான் குடித்த காப்பியிலும் ஒரு வட்டம் மிதந்தது.

செல்விக்கு விஷயத்தைச் சொன்னதும் முதலில் கோபம்தான் வந்தது.

"எங்க எண்ணெயில என்னண்ணே குத்தம்? டெய்லி புது டின்னுதான் ஒடைக்கோம்."

"குத்தம் சொல்லலட்டி. ஆவி மேல வந்து படியுது, அதான் பிரேக்கு பிடிக்கல."

கரண்டியோடு நின்றாள். சட்டியைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள். "அப்ப எங்கையாலயே எம்புள்ளயக் கீழ தள்ள இருந்தேனா?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது.  தங்கராஜ் எழுந்து போய்க் கப்பிக் கயிற்றை அவிழ்த்து சைக்கிளை இறக்கினார். சட்டியில் இருந்த முறுக்கு கருகிப்போனது. அந்த வீட்டில் அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை என்று மகி பிறகு சொன்னாள்.

நான்காம் நாள், சனிக்கிழமை, சைக்கிளோடு செம்பூர். மதியம் டாக்டரம்மா வீட்டுக்குப் போனதும் கிளினிக்கின் பின்வாசலில் சிகிச்சை. கையில் உறை மாட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுத்துணியால் மகி டிஸ்க்கைத் துடைத்தாள். துணி மஞ்சளாக வந்தது. மறுபடி, மறுபடி. வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பழைய பேட்டை எறிந்துவிட்டுப் புதுப் பாக்கெட்டைப் பிரித்தாள். என்னை மூன்றடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். ஊரில் தீட்டுக்காரனைக்கூட இவ்வளவு தூரம் நிறுத்த மாட்டார்கள்.

புது பேட்டைப் பழக்க வேண்டுமாம். வேகமாகப் போய் மெல்லப் பிடித்து நடக்கிற வேகத்துக்கு வர வேண்டும். முழுக்க நிற்கக் கூடாது. இப்படி இருபது தடவை. கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சரிவான தெரு இருந்தது. போனாள், பிடித்தாள், திரும்பினாள், போனாள். எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் பத்தாவது தடவை வரை பொறுத்தார். பிறகு என்னிடம் இந்தியில் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு எங்க போகணும்னு இன்னும் தெரியலையா?"

என் இந்திக்கு எட்டிய பதிலைச் சொன்னேன். "நாளைக்குத் தெரியும்."

பதினைந்தாவது தடவையில் அலறல் நின்றது. இருபதும் முடிந்து நிறுத்திப் பார்த்தபோது சைக்கிள் ஒரு சத்தமுமில்லாமல் வந்து குனிந்து நின்றது. சைக்கிள் அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை. பல் பிடுங்குகிற நாற்காலிக்குப் பக்கத்தில் தங்கியது.

ஞாயிறு விடியலில் கிளினிக்கிலிருந்து சைக்கிளை எடுத்து, கல்யாண் வரை லோக்கல், அங்கிருந்து ஒரு டெம்போவில் மலை உச்சி. செல்வி வரவில்லை, தங்கராஜையும் விடவில்லை. கடைகளுக்குச் சரக்குப் போக வேண்டும் என்றாள். பார்க்கத் தைரியமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "அண்ணே, நீ சொல்லு," என்று மட்டும் சொன்னாள். போ என்று சொல்லச் சொன்னாளா, போகாதே என்று சொல்லச் சொன்னாளா என்று கேட்க எனக்கும் தைரியமில்லை.

உச்சியில் கணேசன் சார் கழுத்தில் விசிலோடு நின்றிருந்தார். விவரம் கேட்டதும், "நான்தான் சொன்னேனே ஸார், பிசுக்குன்னு," என்றார். ஏர் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. மலைக்காற்றில் கலந்திருக்கும்.

பாதையை எட்டிப் பார்த்தேன். பாதை இல்லை, கற்கள்தான் இருந்தன. முதல் திருப்பத்துக்கு அப்பால் வானம் இருந்தது. பக்கத்தில் மகி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, நம்பர் எழுதிய அட்டையைக் கைப்பிடியில் கட்டினாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, அம்மா உங்களை எதுக்கு வரச் சொன்னாங்கன்னு மறக்கல. நீங்க வேண்டாம்னு சொன்னா, நிஜமா, நான் போகல. கணேசன் சார் கிட்டயும் சொல்லிட்டேன்."

இதற்குத்தான் வந்தேன். ஒரே ஒரு வார்த்தை. நாலு நாளாக நாக்கில் தயாராக இருந்த வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் மட்டும் வேண்டியிருந்தது. சைக்கிளை வாங்கி, முன் லீவரை அழுத்திப் பிடித்து, முழு பலத்தோடு சரிவில் முன்னால் தள்ளினேன். நகரவில்லை. இன்னும் தள்ளினேன். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. முன்சக்கரம் நட்டு வைத்த மாதிரி நின்றது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். மூன்று தடவை. கடைப் பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி. காரணம் கிடைக்கவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அது என்னுடையது. அதை அவள் சைக்கிளில் ஏற்றி அனுப்புவது நியாயமாகப் படவில்லை.

"பாத்துப் போயிட்டு வா," என்றேன்.

அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் விசில் ஊதிவிட்டது. புழுதி எழுந்து, திருப்பத்தில் ஒரு சிவப்புத் தலைக்கவசம் தெரிந்து, மறைந்தது.

உடனே போன். செல்வி.

"சொல்லிட்டியாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"பாத்துப் போயிட்டு வான்னு."

அந்தப் பக்கம் சட்டி சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பிரேக்கு பிடிக்குதா?"

"பிடிக்குது."

"யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன். மூணு தடவ."

"நீயா பாத்த?" என்றாள். கரண்டியை எடுக்கிற சத்தத்தோடு, "அப்பச் சரி," என்று வைத்துவிட்டாள். ஐம்பது வயதுக்குள் என் பயத்தை நம்பி ஒருவர் நிம்மதியடைந்தது அதுதான் முதல் தடவை. அவள் நிம்மதியாக முறுக்குப் பிழியப் போய்விட்டாள். மலை உச்சியில் அவள் பங்கையும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடியாரத்தைப் பார்க்கவும் பயம். கடைசியில் போன் அடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மகி.

"மாமா, கீழ வந்துட்டேன்! கோப்பை இல்ல, நாலாவது. பிரேக் ஏக்தம் மஸ்த், பிரமாதம்! நீங்க எப்ப வறீங்க?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். டெம்போ சாமான்களை ஏற்றிக்கொண்டு எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. கணேசன் சார் சைக்கிளில் இறங்கிவிட்டார். உச்சியில் நானும், ஊர்க்காரர்களை ஏற்றி இறக்குகிற ஒரு பழைய ஜீப்பும்தான் மிச்சம். உள்ளே பதினாலு பேர், இரண்டு ஆடு. டிரைவர் எனக்காக ஓர் ஆட்டை நகர்த்தி வைத்தார்.

ஏறுவதற்கு முன் என் இந்தியில் கேட்டேன். "பிரேக் எப்படி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்: "அது எதுக்குப் பெரியவரே? கியர் இருக்கே."